சுற்றுப்புற மாற்றம்: இல்லை

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். உன் இருமல் நின்றதா, உன் வீட்டுக்காரிக்குக் கழுத்து வலி தேவலையா என்று எழுது. "எல்லோரும் நலம்" என்று ஒரே வரியில் முடிக்காதே. போன தடவை அப்படித்தான் எழுதினாய். பிறகு விசாரித்தால் அவள் ஒரு வாரம் படுக்கையில் கிடந்திருக்கிறாள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் ஏதாவது கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய். "அக்கா, சிக்னல் சரியில்ல" என்கிறாய். சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பது நான். எழுத்தில் இருந்தால் நீ சொன்னது என் கையில் இருக்கும், நாளைக்கு மாற்றிப் பேச முடியாது. இன்னொன்று: உன் போன கடிதத்தின் உறை பிரித்து ஒட்டியது போல் இருந்தது. ஒட்டியது நீதானா?

விஷயத்துக்கு வருகிறேன். ஏரியில் பாதித் தண்ணீர் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் ஏரிச் சங்கம் கூடி முடிவெடுக்க வேண்டும். மழை நன்றாக இருக்குமென்றால் இருப்பதில் ஒரு பங்கைத் திறந்துவிட்டு முன்கூட்டியே மக்காச்சோளம் விதைக்கலாம். இல்லையென்றால் மடையைத் தொடவே கூடாது. நாலு ஊருக்கு அடுத்த வருஷம் வரை குடிக்க அதுதான். தலைவி என்று என்னை உட்கார வைத்து மடைச் சாவியையும் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் தப்பாகத் திறந்தால் நாலு ஊரும் என் வாசலில் குடத்தோடு நிற்கும். உன் வானிலை ஆபீஸ் இந்த வருஷம் என்ன சொல்லப்போகிறது?

உன் அத்தான் காலை ஆறு மணிக்கு டாண் என்று வீட்டோடு இருக்கும் நிலையத்தில் மண் ஈரமானியைப் பார்த்து எழுதி உங்களுக்கு அனுப்பிவிடுகிறார். ஓய்வுக்கு இன்னும் பதினாறு மாதம். பேச்சுதான் குறைந்துவிட்டது. எனக்குத் தோட்டம்தான் துணை. ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் கட்டிலில் கிடந்தேனே, ஜனவரியில் எழுந்ததும் நிலையத்து வேலியை ஒட்டிப் பாத்தி கட்டினேன். உன் வீட்டுக்காரி அனுப்பிய தக்காளி விதைதான். வேலிக்கு உள்ளே ஒரு செடி கிடையாது, சட்டம் எனக்கும் தெரியும். ஊரெல்லாம் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, என் பாத்தி மட்டும் பச்சை. சங்கத்து மில்காரர் எட்டிப் பார்த்து, "ஏரித் தண்ணியா?" என்றார். கிணற்றடிக்கே கூட்டிப்போய் வாளியைக் காட்டி அனுப்பினேன்.

பதிலைத் தள்ளிப்போடாதே.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

விவரமாக எழுதச் சொன்னாய், இதோ: மூன்று நாள் சளி, ஒரு நாள் காய்ச்சல், எட்டு மாத்திரை, இப்போது நன்றாக இருக்கிறேன். அவள் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டாள். உறையை ஒட்டியது நான்தான், ஆபீஸ் பசை. தாளின் பின்பக்கம் இருக்கும் எண்களைப் பார்த்து மிரளாதே. இங்கே கட்டுக் கட்டாக அச்சடித்து ஒரு மணி நேரத்தில் குப்பையில் போடுகிறார்கள். மனசு கேட்காமல் எடுத்து வந்து எழுதுகிறேன். சின்ன வயசில் காலண்டர் தாளின் பின்னால் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது நீதானே.

மழை வருமா வராதா என்று என்னால் சொல்ல முடியாது. மழுப்பவில்லை, எங்கள் வேலை எப்படி என்று சொல்கிறேன், கேள். ஊர் தெரியாத ஐம்பத்தொரு பேரைப் பேருந்து நிலையத்தில் ஆளுக்கு இரண்டடி தள்ளித் தள்ளி நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள். எல்லோருக்கும் ஒரே வழி சொல்லி உன் வீட்டுக்கு அனுப்புகிறோம். முதல் திருப்பத்திலேயே சிலர் பிரிந்துவிடுவார்கள். கடைசியில் எத்தனை பேர் உன் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணுகிறோம். கணினியில் மூன்று மாத மழையை அப்படித்தான் ஐம்பத்தொரு தடவை ஓட்டிப் பார்க்கிறோம். எத்தனை ஓட்டத்தில் வழக்கத்தைவிட மழை மிஞ்சுகிறது என்பதுதான் அறிக்கை.

ஆகவே ஆரம்பத்தில் எங்கே நிறுத்துகிறோம் என்பது பெரிய விஷயம். கடல் எவ்வளவு சூடு, மண்ணில் எவ்வளவு ஈரம் என்று அன்றைய நிலையை முதலில் கொடுக்க வேண்டும். மண் ஈரமாக இருந்தால் ஆவி எழும், அது முதல் மழையை இழுத்து வரும் என்று கணினி கணக்குப் போடும். உங்கள் பக்கம் மண்ணை அளக்க மூன்று நிலையங்கள். இரண்டு பழுதாகிக் கிடக்கின்றன. அத்தானுடைய பதினேழாம் எண் ஒன்றுதான் ஓடுகிறது. அத்தான் அனுப்பும் எண்ணை வைத்துத்தான் உங்கள் பகுதி முழுவதையும் நிரப்புகிறோம். இதை அவரிடம் சொல், சந்தோஷப்படுவார்.

ஏப்ரல் பத்தாம் தேதி அறிக்கை வரும். அதற்கு முன்னால் வெளியில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. உன்னிடம்கூட.

உன் தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

அறிக்கை வந்தது. ஐம்பத்தொன்றில் முப்பத்தாறு மழைப் பக்கம். கூட்டத்தில் நானே எழுந்து வாசித்தேன். மில்காரர், "தம்பி எழுதினாரு, அக்கா படிச்சாங்க, குடும்பமே சேர்ந்து மழைய வரவச்சிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. மறுநாள் காலை மடையை இரண்டு சாண் தூக்கினேன். ஏரியில் பாதி இருந்தது இப்போது கால் ஆகிவிட்டது. விதைப்பு முடிந்தது.

ஒன்று கேட்கிறேன். அறிக்கை வந்த பிறகாவது எனக்கென்று நாலு வரி எழுதியிருக்கலாமே? "தைரியமாகத் திற அக்கா" என்றோ "பார்த்துத் திற அக்கா" என்றோ ஒன்றும் வரவில்லை. நீ எதையாவது நம்பினால் வாய் ஓயாது. வாயை மூடிக்கொண்டால்தான் எனக்குப் பயம்.

உன் அத்தானிடம் நீ சொன்னதைச் சொன்னேன், அவருடைய எண்ணை வைத்துத்தான் பகுதி முழுவதும் என்று. சந்தோஷப்படவில்லை. "அப்படியா" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். காலையில் அளவெடுக்க ஐந்து நிமிஷம் போதும். இவர் அரை மணி நேரம் வேலி ஓரத்தில் நிற்கிறார். மறுபடியும் சிகரெட் ஆரம்பித்துவிட்டாரோ என்று சட்டைப் பையைச் சோதித்தேன். பையில் பென்சில்தான் இருந்தது.

உன் அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். வேலை அதிகம், அதனால்தான் எழுத முடியவில்லை.

திறந்தது நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல முடியாது. முப்பத்தாறு என்றால் மீதிப் பதினைந்தும் இருக்கிறது. எங்கள் இயக்குநரைக் குடைக்காரர் என்போம். சுட்டெரிக்கும் வெயிலிலும் குடையோடு வருவார். அவர் சொல்வதை அவரே முழுசாக நம்புவதில்லை என்று இங்கே கேலி.

ஒன்று. அளவெடுக்கும் இடத்தைச் சுற்றி ஏதாவது மாறியிருக்கிறதா? குழாய் உடைப்பு, மாடு கட்டுவது, அந்த மாதிரி? சும்மா கேட்கிறேன். அத்தானிடம் கேட்க வேண்டாம்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி


மே 9

தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மருந்தும் சாப்பிடுகிறேன். அதை விடு.

"சும்மா கேட்கிறேன்" என்று நீ எழுதினால் அது சும்மா இல்லை. "அத்தானிடம் கேட்க வேண்டாம்" என்று வேறு. நான் என்ன புதிதாகப் பிறந்தவளா? யாரோ அவர் மேல் மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். மில்காரராக இருக்கும். அல்லது உள்ளேயே யாராவது. உன் மைத்துனன் வேலை இல்லாமல் இருக்கிறான் என்று உன் வீட்டுக்காரி ஓயாமல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளே. ஓய்வுக்குப் பதினான்கு மாதம் இருக்கும் மனுஷனை இப்போது கிளப்பினால் ஓய்வூதியம் கிடையாது. அந்த நாற்காலியில் யாரை உட்கார வைக்கலாம் என்று எனக்கும் ஊகிக்கத் தெரியும். இல்லையென்றால் இல்லை என்று எழுது. நம்புவதா வேண்டாமா என்று பார்க்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: குழாயும் உடையவில்லை, மாடும் கட்டவில்லை. வேலி போட்டது போட்டபடி இருக்கிறது. மாதா மாதம் அவர் நிரப்பும் படிவத்தில் "சுற்றுப்புற மாற்றம்" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் "இல்லை" என்றுதான் எழுதி அனுப்புகிறார். பார்த்துக்கொள்.

மழை ஒரு சொட்டு இல்லை. பயிர் முழங்கால் உயரம் வந்து நிற்கிறது. ஜூன் இருபதாம் தேதி அடுத்த கூட்டம். மீதி இருக்கும் கால் ஏரியையும் திறந்து பயிரைக் காப்பாற்று என்கிறார்கள். திறந்து மழையும் வராவிட்டால் குடிக்க இல்லை. திறக்காமல் மழை பத்து நாள் தள்ளிப்போனால் பயிர் போய்விடும். நேராகச் சொல். அந்த முப்பத்தாறு இன்னும் முப்பத்தாறுதானா?

அக்கா


ஜூன் 3

தம்பிக்கு,

இருபத்தைந்து நாளாகிறது. உன்னிடமிருந்து தாளும் இல்லை, போனும் இல்லை. கூப்பிட்டால் உன் வீட்டுக்காரி எடுத்து, "அவர் குளிக்கறார் அக்கா" என்கிறாள். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் குளியல். தண்ணீர்ப் பஞ்சம் எங்களுக்குத்தான் போலிருக்கிறது.

பயிர் நுனியில் மஞ்சள் பிடிக்கிறது. உன் மைத்துனன் பேச்சை எடுத்தது கோபம் என்றால் திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை. மைத்துனனுக்குப் போன மாதமே பேருந்துப் பணிமனையில் வேலை கிடைத்துவிட்டது. அத்தான் மேல் யாரும் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை. இதை நீ நம்பலாம்.

இருபதாம் தேதிக் கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா? ஜூலை முதல் வாரம் வரைக்கும்? அதற்குள் பழுதான இரண்டு நிலையங்களில் ஒன்றாவது சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். காரணம் இப்போது கேட்காதே. அதுவரை மடையைத் திறக்காதே. உனக்கு எப்படி எழுதுவதென்று தெரியாமல் இருபது நாளில் ஆறு தாளைக் கிழித்துவிட்டேன். இது ஏழாவது தாள்.

உன் நலம் விரும்பும்,
தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

நீ எழுதிய பக்கத்தை ஒரு தடவை படித்தேன். எழுதாத பக்கத்தை நாலு தடவை படித்தேன்.

உன் தாள்களின் பின்பக்கத்தை நான் எப்போதும் பார்ப்பேன். புரியாவிட்டாலும் பார்ப்பேன். இந்தத் தடவை புரிந்தது. இரண்டு வரிசை. ஒன்றின் தலையில் "17 உடன்", கீழே 36. இன்னொன்றின் தலையில் "17 இல்லாமல்", கீழே 19. பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ஒரு கேள்விக்குறி, உன் கையெழுத்து. பதினேழு எங்கள் வீட்டுக் கதவில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருக்கிறது, தினமும் பார்க்கிறேன். தெரியாமல் அந்தத் தாளை எடுத்தாயா, தெரிந்தே எடுத்தாயா? சரி, அது அப்புறம்.

தாளை எடுத்துக்கொண்டு உன் அத்தானிடம் போனேன். வழக்கம் போல வேலி ஓரத்தில் நின்றிருந்தார். எனக்கு உடனே தோன்றியது, இவர் அளவெடுக்காமலே வாய்க்கு வந்த எண்ணை எழுதுகிறார் என்று. கேட்டேவிட்டேன்.

"பொய் எழுதினீங்களா?"

"ஒரு நாள்கூட இல்ல. மீட்டர் என்ன காட்டுச்சோ அதத்தான் எழுதினேன்."

"அப்புறம் எப்படித் தப்பாச்சு? ஊரே காஞ்சு கிடக்கு, இங்க மட்டும் எப்படி ஈரம்?"

அவர் என் தக்காளிப் பாத்தியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பாத்திக்கும் வேலிக்கும் ஒரு முழம். மண்ணுக்கு மேலேதான் வேலி. நான் ஊற்றிய தண்ணீர் அடியில் எந்த வேலியைக் கேட்டது?

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பிப்ரவரி கடைசியில."

"வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே? நான் தோட்டத்த அழிக்கப் பாக்கறேன்னுதானே? நாலு மாசம் சுவரப் பாத்துட்டுப் படுத்திருந்தே. எழுந்து வாளியத் தூக்கினது அதுக்காகத்தான். ஒரு தக்காளிச் செடியால என்ன ஆயிடப்போவுதுன்னு நெனச்சேன். பகுதி முழுசுக்கும் இந்த ஒரு நம்பர்தான்னு நீ ஏப்ரல்ல வந்து சொன்னே. அதுக்குள்ள அறிக்கை வந்துடுச்சு."

படிவத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "இல்லை"ன்னு எழுதினேன் என்றார்.

முதலில் அவர் மேல் ஆத்திரம் வந்தது. பிறகு உன் மேல். சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது, அப்போதும் விதை அனுப்பிய உன் வீட்டுக்காரி மேல் பழி போட முடியுமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

இப்போது எழுது. உனக்கு எப்போது தெரியும்?

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஏப்ரல் 28. அன்றைக்குத் தெரிந்தது. செயற்கைக்கோள் படத்தில் உங்கள் பகுதி முழுவதும் காய்ந்து கிடந்தது. பதினேழு மட்டும் மழைக்காலம் மாதிரி ஈரம் காட்டியது. கருவி கெட்டுவிட்டதென்று நினைத்தேன். உன் மார்ச் மாதக் கடிதத்தைத் தற்செயலாக எடுத்துப் பார்த்தேன். "என் பாத்தி மட்டும் பச்சை." நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பதினேழைத் தூக்கிவிட்டு ஓட்டினால் பத்தொன்பது வருகிறது. ஐம்பத்தொன்றில் முப்பத்திரண்டு வறட்சிப் பக்கம். இதுவும் உறுதி இல்லை, ஆனால் நீ மடையைத் திறந்தது இதைப் பார்த்து இல்லை. ஒரு நிலையத்தைத் தூக்க வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் ஆள் வந்து பார்ப்பார்கள். அத்தானின் அளவுகளில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. அந்த ஒரு கட்டத்தில் எழுதிய "இல்லை" போதும், வேலையிலிருந்து நீக்க. அதனால்தான் மற்ற நிலையம் சரியாகட்டும், பதினேழின் குரல் அடங்கிப்போகட்டும் என்று காத்திருந்தேன். அதற்குள் நீ மீதியையும் திறந்துவிடுவாயோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

உன்னிடம் ஏன் நேராகச் சொல்லவில்லை என்று கேட்பாய். அக்கா, உன்னிடம் யாராலும் எதையும் நேராகச் சொல்ல முடியவில்லை. நல்லதைச் சொன்னாலும் எதற்காகச் சொல்கிறான் என்று தோண்டுகிறாய். நீ ஆரம்பிக்கிற இடமே சந்தேகம். அங்கிருந்து கிளம்பினால் எந்தப் பேச்சும் சண்டையில்தான் போய் நிற்கிறது. அத்தானும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது. ஆளுக்கு ஒரு பக்கம் உனக்குப் பயந்து ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறோம். அந்தத் தாளைத் தெரிந்தேதான் எடுத்தேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். செடிகளைப் பிடுங்கிவிடு. இந்த வெயிலுக்குப் பத்து நாளில் மண் காய்ந்துவிடும். இருபதாம் தேதி உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கூட்டத்தைத் தள்ளிப்போடு. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

உன் தம்பி


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். உன் இருமலைக் கவனித்துக்கொள்.

செடிகளை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். அறுபத்திரண்டு செடி. காயோடு பிடுங்கினேன். அழுதேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

கூட்டத்தைத் தள்ளிப்போடவில்லை. நீ சொன்ன வழி நல்ல வழிதான், எல்லோரும் தப்பிக்கலாம். ஆனால் விதைத்தவன் தினமும் வானத்தைப் பார்க்கிறான். முப்பத்தாறு என்று நான் வாசித்ததை நம்பி மறுவிதைப்புக்குக்கூட ஆயத்தம் செய்கிறான். அவனை நம்பவிட்டுவிட்டு நான் போர்வைக்குள் படுத்திருக்க முடியவில்லை. எழுந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உன் அத்தானிடம் சொல்லவில்லை, தடுப்பார் என்று நினைத்தேன்.

இருபதாம் தேதி காலை ஏழு மணிக்கே அவர் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார். எங்கே என்று கேட்டால், "வந்துடறேன்" என்கிறார். எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உனக்குத் தெரியும். மனுஷன் அவமானத்துக்குப் பயந்து ஓடுகிறார், என்னை நாலு ஊர் முன்னால் தனியாக விட்டுவிட்டார் என்று வழி முழுவதும் திட்டிக்கொண்டே போனேன்.

சங்கக் கட்டடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அளவுப் பதிவேடு.

நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டார். நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை. பதிவேட்டைப் பிரித்து, ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நாள் எண்ணாக வாசிக்க ஆரம்பித்தார். மில்காரர், "இதெல்லாம் எதுக்குப்பா இப்ப?" என்றார்.

"இது வானம் குடுத்த ஈரம் இல்ல. எங்க வீட்டுத் தோட்டத்துத் தண்ணி. மாறியிருக்கான்னு ஆபீஸ் கேட்டுச்சு. மாசா மாசம் 'இல்லை'ன்னு எழுதினேன். மாறியிருந்துச்சு. அதனாலதான் அறிக்கை தப்பாப் போச்சு. மீதித் தண்ணிய யாரும் திறக்க வேணாம்."

நான் எழுந்து, "ஊத்தினது நான்" என்றேன். "அவளுக்குத் தெரியாது" என்றார் அவர். "தெரியாதுன்னாலும் ஊத்தினது நான்தான்" என்றேன். நாற்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் ஊர் முன்னால் போட்ட முதல் சண்டை அதுதான்.

யாரும் கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மடை மூடியே இருக்கட்டும் என்று கை தூக்கினார்கள். பயிர் போனது போனதுதான். பின் வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள், முழு நிலத்தையும் விதைத்தவள். அவள் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. சாவியை மேஜை மேல் வைத்தேன். மில்காரர் எடுத்துக்கொண்டார். போகும்போது, "தக்காளி நல்லா காச்சுதா?" என்று கேட்டார். குத்தலா, ஆறுதலா என்று இன்னும் விளங்கவில்லை.

உன் அத்தான் அன்றைக்கே உங்கள் இயக்குநருக்குத் தபால் போட்டுவிட்டார். நான் வாசித்துப் பார்த்தேன். எல்லாப் பழியையும் தன் மேல் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறார். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏப்ரல் 28 என்ற தேதியே அதில் இல்லை.

எரிக்கச் சொன்ன கடிதத்தை எரிக்கவில்லை. என்னிடம் இருந்தால் என்றைக்காவது ஒரு கோபத்தில் எடுத்துக் காட்டிவிடுவேனோ என்று என்னையே எனக்குச் சந்தேகம். அதனால் இந்த உறையிலேயே வைத்து உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். என்ன செய்ய வேண்டுமென்று நான் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அவளும் நானும் சுகம். அவள் உன்னோடு பேச வேண்டும் என்கிறாள். இந்தத் தடவை யாரும் குளிக்கவில்லை.

அத்தானுடைய கடிதம் குடைக்காரரின் மேஜைக்கு வந்த அன்று நீ திருப்பி அனுப்பிய என் கடிதத்தையும் கொண்டுபோய் அதன் மேல் வைத்தேன். இரண்டையும் படித்தார். மூன்று நாள் என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். நாலாம் நாள் என்னை அறிக்கைப் பிரிவிலிருந்து எடுத்துப் பழைய பதிவுகள் இருக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தூசிதான், இருமல் திரும்பிவிட்டது. இருபது வருஷ வேலை. அந்த நாற்காலியை நினைத்தால் வயிறு எரிகிறது, மறைக்கவில்லை. திருத்திய அறிக்கையை, கடிதங்களைப் படித்த மறுநாளே வெளியிட்டார்கள். உங்கள் பக்கத்தில் இன்னும் மூன்று ஏரிகளின் மடையை அதைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அத்தான் விஷயம் இன்னும் முடியவில்லை. ஆனால் நேற்று குடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். அளவுகள் உண்மையாக இருப்பதால், நீ ஊற்றிய தண்ணீரைக் கழித்துப் பார்த்தால் ஆறு மாதப் பதிவையும் காப்பாற்றலாம் என்கிறார். பதிவு பிழைத்தால் அத்தானின் கோப்பில் "திருத்தப்பட்டது" என்று எழுதுவார்கள். இல்லையென்றால் "நீக்கப்பட்டது". பதிவு நீங்கினால் ஆளும் நீங்க வேண்டியதுதான். அதற்கு எந்தத் தேதியிலிருந்து, காலையில் எத்தனை வாளி, மாலையில் எத்தனை, எந்த நாள் ஊற்றவில்லை என்று தெரிய வேண்டும். அதைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

"அந்தம்மா சொல்றத மட்டும் நம்பி எப்படிய்யா கழிக்கறது? புருஷனக் காப்பாத்தக் கூட்டிக் குறைச்சு எழுத மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"சார், எங்க அக்கா இந்த உலகத்துல யாரையும் நம்ப மாட்டாங்க. தன்னையே நம்பாம என் கடிதத்த எனக்கே திருப்பி அனுப்பினவங்க. அவங்க சொல்றத நீங்க நம்பலாம்" என்றேன்.

குடையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார். பிறகு, "எழுதி அனுப்பச் சொல்லு" என்றார்.

எழுது அக்கா. எத்தனை வாளி?

உன் தம்பி